சேரம்பாடிக்குப் போகும் ஆறிலக்க எண்

1

ஜெர்மனிக்கு வந்து இந்த ஜனவரியோடு எட்டு வருடம் முடிந்தது. அதை நினைவில் வைத்திருந்தது நானும் இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகமும்தான். வசிப்பிட அட்டை காலாவதியாகிறது, மகளையும் அழைத்துக்கொண்டு காலை எட்டரைக்கு வரவும் என்று அவர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். நான் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் கடிதம் போடவில்லை.

நான் நர்ஸ். நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், வயதானவர்கள் வார்டில் வேலை. கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே உள்ளே போகும்போது கைபேசியை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆகவே பகலில் அவர் இருப்பதும் இல்லாததும் ஒன்று. மகள் இனியா, பன்னிரண்டு வயது. வந்தபோது நாலு வயதாக இருந்தாள், நல்ல தமிழ் பேசினாள். இப்போது நல்ல ஜெர்மன் பேசுகிறாள். என் ஜெர்மனைத் திருத்துகிறாள். அவள் தமிழை நான் திருத்தினால், "புரிஞ்சுதுல்ல, அது போதும்" என்கிறாள்.

பாஷை என்னை அடிக்கடி தடுக்கி விழவைத்தது. முதல் மாதம் டாக்டர் ஒருவர், நோயாளிக்கு 'ஊபர்வைசுங்' கொடு என்றார். அந்தச் சொல்லை நான் பணம் அனுப்பப் போன இடத்தில்தான் கற்றிருந்தேன். எந்த வங்கிக்கு என்று கேட்டேன். இன்னொரு டாக்டருக்கு எழுதும் பரிந்துரைச் சீட்டுக்கும் இங்கே அதே சொல்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. அதே போல, கைபேசி பேட்டரிக்கு இவர்கள் சொல்வது 'அக்கு'. "உன் அக்கு காலியாகிவிட்டதா?" என்று கூட வேலை பார்க்கிறவள் கேட்டபோது, சேரம்பாடியிலிருந்து ஏதோ சேதி வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன்.

நீலகிரி மலையில் இருக்கும் சேரம்பாடியில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். இது அவளைப் பற்றியும் ஒரு கைபேசியைப் பற்றியும்.

2

அக்கா பெயர் செல்லம்மா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அவள் பிறந்தது இலங்கையில் ஒரு மலைத் தோட்டத்தில். ஆறு வயதில் அம்மா அப்பாவோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தாள். நான் சேரம்பாடியில் லயத்தில், அதாவது வெளியே ஒரே பொதுக்குழாய் உள்ள தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வருடம் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு அதே லயத்தில் தனியாக இருந்தாள்.

நான் கிளம்பும்போது வங்கியில் ஒரு விஷயம் சொன்னார்கள். என் கணக்கிலிருந்து பணம் எங்கே போனாலும் முதலில் ஒரு ஆறிலக்க எண் என் இந்தியக் கைபேசிக்கு வரும். அந்த எண்ணைக் கொடுத்தால்தான் பணம் நகரும். அந்த சிம் கார்டை இங்கே கொண்டுவந்தேன். குறுஞ்செய்தி சில சமயம் வந்தது, சில சமயம் இரண்டு நாள் கழித்து வந்தது. பழைய பட்டன் கைபேசி ஒன்றில் சிம்மைப் போட்டு, ஊர் போகிற ஒருவரிடம் கொடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அக்காதான் என் வங்கியின் கதவு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எண்களைப் படிப்பாள், அது போதுமானதாக இருந்தது.

ஏற்பாடு இதுதான். லயத்தில் சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கும் கொட்டகை பக்கத்தில் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணிக்கு அக்கா அங்கே நிற்பாள். எனக்கு அப்போது காலை எட்டரை. நான் வங்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுவேன். எண் வரும், படிப்பாள், நான் எழுதுவேன்.

மார்ச் கடைசியில் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள்.

"எதுக்குடி நேரத்தை மாத்துறாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கக்கா."

"மிச்சம் பிடிச்சு எங்க வைக்கிறாங்க?"

எட்டு வருடமாக அவள் தன் நேரத்தை மாற்றவில்லை. கோடையில் நான்தான் ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன்.

ஒரு நாள் அவள் எடுக்கவே இல்லை. வங்கிப் பக்கம், நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி என்னை வெளியே அனுப்பியது. மறுநாள் கேட்டதற்கு, "கொட்டகைக்குப் போற வழியில ரெண்டு யானை நின்னுச்சு, குட்டியோட" என்றாள். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வங்கிக்கு விளக்க அந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

சார்ஜ் வைப்பது தனிக் கதை. ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்தால் லயத்தில் நாலு நாள் கரண்ட் இருக்காது. முதல் வருடம் இப்படி மூன்று முறை அவளைப் பிடிக்க முடியவில்லை. பிறகு அவளாகவே ஒரு முறை கண்டுபிடித்தாள். கரண்ட் போன உடனே கைபேசியை அணைத்துவிடுவாள். ஒரு மணிக்கு மட்டும் போடுவாள், கால் மணி நேரம் வைத்திருந்து திரும்ப அணைப்பாள். அப்படியே பத்து நாள் ஓட்டியிருக்கிறாள். மழையில் அதை உடம்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்குள், ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். ஒருமுறை நனைந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வை என்று எல்லோரும் சொன்னார்களாம். அவள் நேரே ஃபேக்டரிக்குப் போய் காய்ந்த தேயிலைத் தூளுக்குள் ஒரு நாள் புதைத்து வைத்தாள்.

"அரிசி வெலைக்கு வாங்கணும். தூளு அங்க சும்மா கெடக்குது" என்றாள்.

கைபேசி பிழைத்துக்கொண்டது. தூள் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

இனியா பத்து வயதில் பள்ளியில் ஏதோ படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். பேட்டரியை முழுக்க வடியவிடக் கூடாது, நூறு வரை நிரப்பிக்கொண்டே இருக்கவும் கூடாது. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்தால் பல வருடம் உழைக்கும். சூட்டிலும் வைக்காதே, உறைகிற குளிரிலும் வைக்காதே. அவள் தன் கைபேசியை அப்படித்தான் வைத்திருக்கிறாள். நான் என் கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் விடிய விடிய சார்ஜில் போடுகிறவள். ஆறு வருடத்தில் அதன் பேட்டரி, பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே செத்துப்போகும் நிலைக்கு வந்திருந்தது.

3

மூன்று வருடம் முன்பு அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்கு, வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். மரியாதையாகத்தான் பேசினானாம். அவள் எண்ணைச் சொன்னாள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது மொத்தமும் போய்விட்டது. போலீசுக்குப் போனாள். எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வாரம் நான் அக்காவுக்கு விதிகளைச் சொன்னேன். வங்கியிலிருந்து என்றாலும் சொல்லாதே. போலீஸ் என்றாலும் சொல்லாதே. கரண்டை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டினாலும் சொல்லாதே. என் நம்பரிலிருந்து நான் கூப்பிட்டால் மட்டும்தான்.

"அந்த மெசேஜிலேயே யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்காமே. தோட்டத்து எழுத்தர் படிச்சுச் சொன்னாரு. அப்ப நீ எதுல சேத்தி?" என்றாள் அக்கா.

"அது என் பணம்க்கா."

"அது எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

சட்டப்படி அவள் சொன்னது சரி. நான் பேச்சை மாற்றினேன். இப்போதெல்லாம் ஒருவர் குரலையே மெஷினில் செய்துவிடுகிறார்கள், என் குரலில் யாராவது பேசினாலும் வேறு நம்பராக இருந்தால் நம்பாதே என்றேன்.

"உன் கொரல்லயே வந்தாலுமா?"

"என் குரல்லயே வந்தாலும்."

"அப்ப ஒனக்கே ஒரு அவசரம்னா?"

"நீ ஏதாவது ஒண்ணு கேளு. நமக்குள்ள மட்டும் தெரிஞ்சதா. சரியாச் சொன்னா நம்பர் குடு."

"என்ன கேக்குறது?"

"அப்ப யோசிச்சுக்கலாம்" என்றேன். என் வார்டில் யாராவது இப்படி வேலையைப் பாதியில் விட்டிருந்தால் நான் அறிக்கை எழுதியிருப்பேன்.

4

தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு இந்த மார்ச்சோடு ஓய்வு. என்னிடம் வந்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். "கப்பல்ல ஒருக்கா வந்தது போதும்" என்றாள். ஆறு வயதில் வந்ததைச் சொன்னாள்.

சேரம்பாடி பஜாருக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்று போக்கியத்துக்குக் கிடைத்தது. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது தொகை திரும்பி வந்துவிடும். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். எல்லோரும் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். திருச்சூரில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடுவதாக முடிவு செய்திருந்தார். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு சுல்தான் பத்தேரி பஸ். அதற்குள் பணம் வந்தால் சாவி அக்காவுக்கு, இல்லாவிட்டால் ரொக்கத்தோடு காத்திருக்கும் வேறொரு ஆளுக்கு என்று சொல்லியிருந்தார். அந்த ஆளையும் இரண்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். நேரத்தை வீணாக்காத பெண்மணி.

டீச்சரின் கணக்கு விவரம் திங்கட்கிழமைதான் வந்தது. செவ்வாய் காலை எட்டே முக்காலுக்கு அதை வங்கியில் சேர்த்தேன். புதிதாகச் சேர்க்கும் கணக்குக்கு இருபத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் பெரிய தொகை போகும். பாதுகாப்புக்காக. ஆக, புதன் காலை எட்டே முக்காலுக்குக் கதவு திறக்கும். சேரம்பாடியில் அது ஒன்றேகால் மணி. அந்த நேரத்தில் நான் வெளிநாட்டவர் அலுவலகத்தின் காத்திருக்கும் அறையில் இருந்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்தே செய்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

அன்று காலை மைனஸ் பதினொன்று. டிராம் வரப் பதினைந்து நிமிடம் தாமதம். கைபேசியைக் கோட்டின் வெளிப் பையில் போட்டிருந்தேன். அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தபோது முப்பத்தெட்டு சதவீதம் என்று காட்டியது. வங்கிப் பக்கத்தைத் தொட்டேன். திரை கறுத்தது.

"குளிர்" என்றாள் இனியா. "நான் சொன்னேன்ல."

பவர் பேங்க் வீட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒரு கம்பம் இருந்தது, யார் வேண்டுமானாலும் கேபிளைச் செருகிக்கொள்ளலாம். என் கையில் கேபிளும் இருந்தது. ஆனால் போன மாதம்தான் மருத்துவமனையில் ஒரு வகுப்பு எடுத்தார்கள். பொது இடத்துச் சார்ஜர் கேபிள் வழியாகத் தகவலையும் உறிஞ்சிவிடலாம், வங்கி வேலைக்கு வைத்திருக்கும் கைபேசியை அங்கே செருகவே செருகாதீர்கள் என்றார்கள். வகுப்பின் முடிவில் தேர்வு வைத்தார்கள். நான் முழு மதிப்பெண். கம்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனியாவின் கைபேசியில் எழுபத்தாறு இருந்தது. கொடுத்தாள். அலுவலகத்தின் இலவச இணையம் வேண்டாம் என்று அவளே அதை அணைத்தாள். நான் கடவுச்சொல் அடிக்கும்போது, யாரும் கேட்காமலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தொகை, பெயர் எல்லாம் போட்டு முடித்தேன். எண் அனுப்பப்பட்டது என்று வந்தது. இனியாவின் கைபேசியிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாருங்க?"

"அக்கா, நான்தான் மலர். என் போன் ஆஃப் ஆயிடுச்சு. இது இனியா போன். நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு."

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்திருப்பாள்.

"இது மலரு நம்பர் இல்லீங்களே."

"அதான்க்கா சொல்றேன். குளிர்ல சார்ஜ் எறங்கிடுச்சு."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க."

"என் குரல் தெரியலையா?"

"கொரலு வந்தாலும் நம்பாதேன்னு என் தங்கச்சி சொல்லியிருக்குங்க."

என் அக்கா என்னை 'ங்க' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"சரி, கேள்வி கேளு. நாம பேசி வச்சோமே."

"கேக்குறேன். நர்சு படிப்புக்குன்னு மொதல்ல கோயம்புத்தூர் போனப்ப, ட்ரங்குப் பெட்டியத் தூக்கிட்டு வந்து பஸ்ஸு ஏத்தி விட்டது யாரு?"

இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. பச்சை நிற ட்ரங்குப் பெட்டி. மழைத்தூறல். பஸ்ஸின் மேல் ஏறி நின்று பெட்டியைக் கயிற்றால் கட்டிய அப்பா, குனிந்து என்னைப் பார்த்துத் தலையாட்டியது. வேலை கடினமாக இருந்த எத்தனையோ நாளில் நான் எடுத்துப் பார்த்துக்கொண்ட காட்சி அது. இனியாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

"அப்பா" என்றேன்.

"போனை வைங்க" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரையில் எண்ணுக்கான நேரம் குறைந்துகொண்டே வந்து முடிந்தது.

அவள் அப்போது நின்றது கொட்டகையில் இல்லை, டீச்சர் வீட்டு முன்னறையில். டீச்சர் பெட்டிகளோடு எதிரே உட்கார்ந்திருந்தார். வரவேண்டிய பணம் அவளுடைய வீட்டுக்கு. அவள் வாயிலிருந்து ஆறு எண் வந்தால் வீடு. இது எல்லாம் தெரிந்துதான் போனை வைத்தாள்.

"நான் பேசுறேன்" என்றாள் இனியா.

"உனக்கு என்ன தெரியும்?"

"பெரியம்மாவைத் தெரியும்" என்றாள். நான் வங்கிப் பக்கத்தில் திரும்பவும் புது எண் கேட்டு அழுத்தினேன், அவள் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். இந்த முறை அக்கா எடுத்தாள். இனியா கைபேசியை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"பெரியம்மா, நான் இனியா."

"எந்த இனியா?"

"உங்க இனியா."

"இங்க வந்தப்ப ஒனக்கு முட்டியில எப்படி அடிபட்டுச்சு?"

ஐந்து வருடம் முன்பு ஊருக்குப் போயிருந்தோம். அவள் முட்டியில் ஒரு தழும்பு உண்டு. இங்கே சைக்கிளிலிருந்து விழுந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

"கோழி பின்னாடி ஓடுனேன்" என்றாள் இனியா, ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "கல்லுல விழுந்தேன். நீங்க மஞ்சள் போட்டீங்க. எரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னீங்க. அம்மா ஊட்டி போயிருந்தாங்க, பேங்க்குக்கு."

"ஆமா" என்றாள் அக்கா. குரல் மாறிவிட்டது. "எழுதிக்கடா தங்கம். இருபத்தி நாலு. எழுபத்தொண்ணு. முப்பத்தஞ்சு."

கொழுந்து எடை கூவுகிற பழக்கத்தில் அவள் எப்போதும் இரண்டிரண்டாகத்தான் படிப்பாள். ஜெர்மனில் எண்ணைப் பின்னாலிருந்து சொல்வார்கள், நாலும் இருபதும் என்று. முதலில் கேட்பது பின்னால் போக வேண்டும் என்பது இனியாவின் கையில் ஊறிப்போனது. நாற்பத்திரண்டு, பதினேழு, ஐம்பத்துமூன்று என்று எழுதினாள். நான் அப்படியே அடித்தேன். தவறான எண் என்று வந்தது.

எங்கே தப்பு என்று நான் கண்டுபிடிப்பதற்குள், சுவரில் இருந்த திரையில் எங்கள் வரிசை எண் வந்துவிட்டது. அதைத் தவறவிட்டால் அடுத்த சந்திப்புக்கு நாலு மாதம்.

உள்ளே அதிகாரி இனியாவின் கையிலிருந்த கைபேசியைப் பார்த்து, அதை அணைத்து மேசைமேல் வைக்கச் சொன்னார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார், கொடுத்தேன். அதில் இரண்டாம் பக்கத்தைத் தேடினார். கைரேகை வைத்தோம். வார்டில் கிருமிநாசினி போட்டுக் கை கழுவிக் கழுவி என் வலது ஆள்காட்டி விரல் ரேகை மங்கியிருந்ததால் ஐந்து முறை வைத்தேன். "இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். படிவத்தில் இருக்கும் கேள்விதான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து. ஆமாம் என்றேன். சேரம்பாடியில் பஸ் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

5

வீட்டுக்கு வந்ததும் கைபேசியைச் சார்ஜில் போட்டு, உயிர் வந்தவுடன் என் நம்பரிலிருந்தே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இப்ப நீதான்" என்றாள். "நம்பர் அனுப்பு, சொல்றேன்."

"பஸ் போயிடுச்சேக்கா. அந்த ஆள் வந்து பணம் கட்டிட்டானா?"

"வந்தான். டீச்சர் அவனுக்கு வீடு இல்லைன்னு சொல்லி அனுப்பிடுச்சு. சாவி எங்கிட்ட இருக்கு. பணத்தை இன்னைக்குள்ள போடச் சொன்னுச்சு."

"எப்படிக் குடுத்தாங்க?"

"நான் ஒங்கிட்ட பேசுனதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. போனை வச்சதும், 'செல்லம்மே, அது நின்டெ தங்கச்சி தன்னெயல்லே?'ன்னு கேட்டுச்சு. ஆமா டீச்சர்னேன். 'பின்னே எந்தா நம்பர் கொடுக்காத்தெ?'ன்னுச்சு. அவ சொன்ன பதில் தப்புன்னேன்."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் சிரிச்சுச்சு. சொந்தத் தங்கச்சிக்கே தராத ஆளு, என் வீட்டை நல்லா நோக்கிக்கும்னுச்சு. நானே பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி பஸ்ஸு ஏத்தி விட்டேன்."

பணம் அன்று மதியமே போனது. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொன்னேன், அப்படியே சொன்னாள். டீச்சர் கோழிக்கோடு தாண்டும் முன்பே அவருக்குச் செய்தி போய்விட்டது.

அதன் பிறகும் நான் வைக்கவில்லை.

"நான்னு தெரிஞ்சுதானேக்கா வச்ச?"

"தெரிஞ்சுச்சு. ஆனா மனசுக்குப் பட்டதை நம்பித்தானே பக்கத்து ஊட்டுக்காரியும் ஏமாந்தா. அதுக்குத்தானே கேள்வி வச்சோம்."

"பெட்டியைக் கட்டுனது அப்பாதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது ரெண்டாவது வருசம். லீவு முடிஞ்சு போனப்ப. அப்ப அப்பாவுக்குக் கோவம் போயிடுச்சு. மொத தடவ அவரு லயத்துக் காம்பராவ விட்டே வெளிய வரலை. படிக்கப் போனா திரும்பி வரமாட்டே, பேசாம தோட்டத்துல பேரு பதியுன்னாரு. நீ அழுதுக்கிட்டே நின்னே. நான் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல போயி லீவு சொல்லிட்டு வந்து பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு நடந்தேன். பஸ்ஸு மேல கண்டக்டரு வாங்கி வச்சாரு. நீ என்னைத் திரும்பிப் பாக்கலை. ஜன்னல்ல அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தே, அப்பா வர்றாரான்னு."

எனக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்பா குனிந்து தலையாட்டியதுதான் வந்தது. இருபத்தைந்து வருடமாக நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்த ஆள் தப்பான ஆள்.

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீ கேக்கலை. நான் கேக்க வேண்டி வந்துச்சு, கேட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னிச்சுக்கக்கா என்று சொன்னேன். "சரி சரி, போன் சூடாகுது" என்று வைத்துவிட்டாள்.

6

பிப்ரவரியில் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனி வெளிநாட்டு நம்பரையே பதிந்துகொள்ளலாம், எண் நேராக இங்கேயே வரும். வேறொருவர் கையில் கைபேசியைக் கொடுத்து வைப்பது பாதுகாப்பானது இல்லை என்றும் அதில் எழுதியிருந்தார்கள். இனியா படித்துவிட்டு உடனே மாற்றச் சொன்னாள். என் கைபேசிக்குப் புதுப் பேட்டரியும் போடவைத்தாள்.

நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு மார்ச்சில், அக்கா புது வீட்டுக்குப் போன மறுநாள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நம்பரை மாற்றவும் பழைய நம்பருக்குத்தான் ஒரு எண் வரும், அதையும் அவள்தான் படிக்க வேண்டும்.

படித்தாள். ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக. நான் அடித்தேன். மாற்றம் பதிவானது என்று வந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. இனிமே நம்பர் உனக்கு வராது."

"ம்."

எட்டு வருடத்தில் நாங்கள் எத்தனை முறை பேசியிருப்போம் என்று தெரியாது. ஆனால் ஒரு தடவைகூட ஆறு எண் இல்லாமல் நான் அவளைக் கூப்பிட்டதில்லை என்பது அந்த 'ம்'மில்தான் உறைத்தது. நல்ல நாள் வாழ்த்துகூட எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். வழக்கமாக எண்ணைப் படித்து முடித்ததும் அவளே வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றேன்.

"ஊட்டுக்குள்ளயே குழா இருக்குடி" என்றாள் அக்கா. "இரு, தொறந்து காட்டுறேன், கேளு."

இன்னும் பெரிதாகத் திறந்தாள். நான் ரொம்ப நேரம் கேட்டேன்.